பாதாள வாசம்

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒருநாள் இரவு, தாராபுரத்தில் அலுவல் முடித்துக்கொண்டு மூலனூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வானம் பார்த்த பூமியாகிய நம் பக்கத்தில் மழை பெய்வதே அபூர்வம். அன்றோ, வருணன் ஒரு வருஷத்துப் பாக்கியை ஒரே இரவில் தீர்ப்பவன்போல் கொட்டினான். வழி தெரியாமல் மோட்டாரைச் சாலையோரத்தில் நிறுத்தினோம். அங்கே வடிகால் வேலைக்காகக் கொண்டுவந்த பெரிய சிமெண்டுக் குழாய்கள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுள் ஒன்றின் வாயில் கோணித் திரை தொங்கிற்று. அதன் கிழிசல் வழியே விளக்கு வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தோம். உள்ளே ஒரு புருஷன், அவன் மனைவி, இரண்டு குழந்தைகள். குழந்தைகள் குழாயின் வளைவுக்குத் தக்கபடி உடம்பை வளைத்து உறங்கிக்கொண்டிருந்தன.

“எந்த ஊர் அப்பா?” என்றோம்.

“தருமபுரிப் பக்கமுங்க.”

“இதிலேயா குடியிருக்கிறீர்கள்?”

“ஆமாங்க ஐயா. இந்தக் குழாயைப் பதிக்கிற கூலி நாங்கதானுங்க. பதிக்கிற மட்டும் இதுதான் எங்க வீடு. மழைக்கு வீடு, வெயிலுக்கு அடுப்புங்க” என்று சொல்லி அவன் சிரித்தான்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஊராரின் கழிவுநீர் ஒழுங்காக ஓடுவதற்கு வழி செய்ய வந்தவன், அந்தக் கழிவுநீர் ஓடப்போகும் குழாயிலேயே தன் குழந்தைகளை உறங்க வைக்கிறான். குழாய் மண்ணுக்குள் போகும் நாளில் அவன் வீடும் மண்ணுக்குள் போய்விடுகிறது. அடுத்த ஊரில் அடுத்த குழாய். இதை ஒரு குடும்பத்தின் தலைவிதி என்று தள்ளிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. வீடு திரும்பிய பிறகு சட்டப் புஸ்தகங்களையும் சர்க்கார் வெளியிட்ட கணக்குகளையும் புரட்டிப் பார்த்தோம். அவற்றில் கண்டவையே இன்றைய வியாசத்துக்குப் பொருள்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு சொல். ஜனத்தொகைக் கணக்கெடுப்பவர்களுக்கு இந்திய சர்க்கார் கொடுக்கும் விதிகளில் ‘வீடற்றோர்’ என்பதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். சாலையோரத்திலும், நடைபாதையிலும், மேம்பாலத்தின் அடியிலும், மாடிப்படியின் கீழும், கோயில் மண்டபத்திலும், ரயில்வே பிளாட்பாரத்திலும் வசிப்போர் வீடற்றோர் என்று சொல்லிவருகையில், ‘ஹியூம் பைப்புகளில் வசிப்போர்’ என்றும் ஒரு வகையைக் கூறுகிறார்கள். ஹியூம் என்பவர் 1910-ல் சிமெண்டுக் குழாயைச் சுழற்றி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலியர். அவர் பெயரால் வழங்கும் குழாய்களைச் செய்வதற்கு நம் தேசத்தில் 1926-ல் வால்சந்த் ஹீராசந்த் ஒரு கம்பெனியை ஸ்தாபித்தார். நகரங்களின் அழுக்கைச் சுமக்கச் செய்த அந்தக் குழாய், மனிதன் வசிக்கும் இடங்களில் ஒன்றாக சர்க்கார் ஏட்டிலே ஏறியிருக்கிறது! விதியில் எழுதும் அளவுக்கு வழக்கமாகிவிட்ட ஒரு கொடுமையை இனி எவரும் தெரியாதென்று சொல்ல முடியாது.

குழாயிலும் சுரங்கத்திலும் குடியிருப்பது நம் தேசத்துக்கு மட்டும் உரிய அவலம் என்று நேயர்கள் எண்ணவேண்டாம். செல்வத்தில் உலகத்துக்கே முதன்மையான நியூயார்க் நகரைப் பாருங்கள். அங்கே ஹட்ஸன் நதிக் கரையோரமாகச் சரக்கு வண்டிகள் போய்வந்த இருப்புப்பாதையை 1930-களில் மேலே மூடி, அதன்மீது பூங்கா அமைத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் சரக்கு வண்டிகள் நின்றன. சூனியமான அந்தச் சுரங்கத்தில் வீடிழந்தவர்கள் புகுந்தார்கள். பலகையாலும் தகரத்தாலும் அறை கட்டிக்கொண்டார்கள். மேலே செல்லும் மின்சாரக் கம்பியிலிருந்து விளக்குப் போட்டுக்கொண்டார்கள். சமைத்தார்கள், நாய் வளர்த்தார்கள், சண்டையிட்டுச் சமாதானமும் ஆனார்கள். மேலே பூங்காவில் சீமான்கள் காற்று வாங்கினார்கள். கீழே இருட்டில் ஓர் ஊரே நடந்தது. 1991-ல் பிரயாண வண்டிகள் அவ்வழியே மீண்டும் ஓடத் தொடங்கின. பிறகு அவர்களை வெளியேற்றும் முயற்சிகள் நடந்தன. வீடற்றோருக்காகப் பாடுபட்ட சங்கத்தார் தலையிட்டதனால், பலருக்கு வாடகை உதவிச் சீட்டுக் கிடைத்து அவர்கள் மேலே வீடுகளில் குடியேறினர். இந்தச் சரித்திரத்தை மார்க் ஸிங்கர் என்ற ஆங்கிலேயர் அந்தச் சுரங்கவாசிகளையே தமக்குத் துணைவர்களாகச் சேர்த்துப் படம் பிடித்து 2000-ல் வெளியிட்டார்.

இதில் வக்கீல்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஏழைகளைப் பராமரிப்பது ராஜ்யத்தின் பொறுப்பு என்று நியூயார்க் ராஜ்யத்தின் அரசியல் சட்டத்தில் 1938-லேயே எழுதியிருக்கிறார்கள். அதை ஆதாரமாகக் கொண்டு 1979-ல் வீடற்றோர் சார்பில் வழக்குத் தொடரப்பட்டு, 1981-ல் சமரசத் தீர்ப்பும் ஏற்பட்டது. இரவில் தங்க இடம் கேட்டு வரும் ஆண்மகனுக்கு நகரம் இடம் கொடுத்தே தீரவேண்டும் என்பது அதன் சாரம். அப்படி இருந்தும் ஜனங்கள் ஏன் சுரங்கத்துக்குள் போனார்கள்? ‘சர்க்கார் சத்திரங்களில் களவும் அடிதடியும் மலிந்திருந்தன, இருட்டே மேல்’ என்பதுதான் அவர்களில் பலர் சொன்ன காரணம். மனிதன் மனிதனாக இருக்க முடியாத கூரையை சட்டம் கொடுத்தாலும், அவன் அதைவிட்டுப் பாதாளத்தையே தேடிப் போவான் என்பதற்கு இது சாட்சி.

நெவாடா பாலைவனத்திலுள்ள லாஸ் வேகாஸ் சூதாட்டத்துக்குப் பெயர்போன நகரம். அங்கே திடீர் வெள்ளத்தை வடிப்பதற்காக நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்குக் கால்வாய்களும் சுரங்கங்களும் கட்டியிருக்கிறார்கள். ஜகஜ்ஜோதியான சூதாட்ட மாளிகைகளின் கீழேயே அந்தச் சுரங்கங்களில் மனிதர்கள் கட்டில் போட்டு வசிக்கிறார்கள். பாலைவனத்தில் மழை வருஷத்தில் சில நாட்களே. ஆனால் வந்தால் சில நிமிஷங்களில் சுரங்கம் நிறைந்துவிடும். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தோரும் உண்டு. இவர்கள் மேலே வரலாமே என்று கேட்கத் தோன்றும். 2024 ஜூன் மாதத்தில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லிற்று: போக்கிடம் இல்லாதவனே ஆயினும், பொது இடத்தில் படுத்து உறங்குபவனை நகரசபை தண்டிக்கலாம் என்று. மேலே படுத்தால் அபராதம், கீழே படுத்தால் வெள்ளம். ஏழை எதைத் தேர்ந்தெடுப்பது?

ருமேனியாவின் தலைநகரமான புகாரெஸ்டில், 1989-ல் சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்த பிறகு, அநாதை விடுதிகளிலிருந்து தெருவுக்கு வந்த சிறுவர்கள் ரயில் நிலையத்தின் அருகே வெந்நீர்க் குழாய்கள் ஓடும் சுரங்கங்களில் புகுந்து குளிருக்குத் தப்பினார்கள். மங்கோலியத் தலைநகரிலும் இதே கதைதான். பீகிங் நகரில், யுத்த காலத்துக்கென்று தோண்டிய பதுங்கு அறைகளிலும் கட்டிடங்களின் நிலவறைகளிலும் வாடகை கொடுத்து வசித்த தொழிலாளர்களை ‘எலிக் கூட்டம்’ என்று ஊரார் அழைத்தார்கள். கிராமத்திலிருந்து வந்து அந்நகரத்துக்குச் சோறாக்கியும், துணி துவைத்தும், கட்டிடம் கட்டியும் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த பட்டம் அது. ‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்று நம் பெரியோர் சொன்னது சுதந்திரத்தின் அருமையைக் காட்டுவதற்காக. வளையில் வசிப்பவனை எலியென்று ஏசுவதற்காக அன்று.

மாபலிச் சக்கரவர்த்தி மூவடி மண் கேட்டவனுக்கு இல்லையென்னாமல் கொடுத்ததனால் பாதாளம் போனான் என்பது புராணம். இக்காலத்துப் பாதாள வாசிகளோ மூவடி மண் கேட்டு, அது கிடைக்காததனால் பாதாளம் போகிறார்கள்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். 1971-ல் கிழக்கு வங்காளத்தில் நடந்த கொடுமைகளுக்கு அஞ்சிச் சுமார் ஒரு கோடி ஜனங்கள் இந்தியாவுக்குள் ஓடிவந்தார்கள். கல்கத்தாவின் ஓரத்தில் சால்ட் லேக் என்ற புதுப் பட்டணத்தை அப்போது நிர்மாணித்துக்கொண்டிருந்தார்கள். அகதிகள் அங்கே லட்சக் கணக்கில் குவிந்தார்கள். கூடாரம் கிடைக்காதவர்கள் பெரிய சாக்கடைக் குழாய்களுக்குள் புகுந்து, இரு பக்கமும் சாக்கைக் கட்டிக்கொண்டு மழைக்காலத்தைக் கழித்தார்கள். குழாய்க்கு ஒரு குடும்பமாக அடுக்கியிருந்த அந்தக் காட்சியின் படங்கள் உலகமெங்கும் சென்றன. யுத்தம் முடிந்தது, அகதிகள் பெரும்பாலும் ஊர் திரும்பினர். அது ஆபத்துக் காலம் என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் தாராபுரம் சாலையில் எந்த யுத்தம் நடந்தது?

யுத்தமில்லாமல் வீடிழந்தவனின் கதையை நம் சுப்ரீம் கோர்ட்டின் ஏடுகளிலேயே காணலாம். பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கு என்று பிரசித்தி பெற்ற வழக்கு அது. 1981 ஜூலையில், நடைபாதைகளில் வசிப்போரை அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பிவிட வேண்டுமென்று மகாராஷ்டிர சர்க்கார் முடிவு செய்தது. அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர்களில் ஒருவன் நம் தமிழன், சேலத்துக்காரன். சொந்த நிலமில்லாத கூலியாகிய அவன், மழை பொய்த்து வேலையற்றுப்போய் 1961-ல் பம்பாய் சேர்ந்தான். ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் தினக்கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கித்தானும் வைத்துக் கட்டிய மறைப்புக்கு, அங்கே அதிகாரம் செலுத்திய ஒரு முரடன் அவனிடம் வாங்கிய தொகை 2,500 ரூபாய். அதில் அவனும் மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் வசித்தார்கள். மழைக்கால நடுவில் அதிகாரிகள் அந்த மறைப்பைப் பிரித்தெறிந்து, குடும்பத்தைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். மனைவி மக்கள் சேலத்தில் தங்கினர். அவனோ பிழைப்புத் தேடி மீண்டும் பம்பாய்க்கே திரும்பி, மீண்டும் நடைபாதையிலேயே குடியேறினான். அவனை ஊருக்கு அனுப்பினார்களே தவிர, ஊரில் மழையையும் வேலையையும் அனுப்பினார்களா?

அதே வழக்கில் காமராஜ் நகர் என்ற ஒரு குடியிருப்பும் வருகிறது. 1960-61-ல் பம்பாயின் மேற்கு நெடுஞ்சாலை ஓரமாகத் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த கூலிகள் அச்சாலையின் அருகிலேயே போட்டுக்கொண்ட குடிசைகளின் கூட்டம் அது. தமிழ்நாட்டுத் தலைவர் ஒருவரின் பெயரை பம்பாயின் சாலையோரத்தில் தாங்கி நின்ற அந்தக் குடிசைகளை நினைக்கையில் நம் மனம் பதறுகிறது. சாலையோரம் குழாய் பதித்தவர்களுக்குச் சாலையோரத்தில் இடமில்லை; குழாய் பதிப்பவர்களுக்குக் குழாய்க்கு வெளியே இடமில்லை. இதுவே பட்டணங்களின் நியாயம்.

பிரதம நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் 1985 ஜூலை 10-ந் தேதி தீர்ப்பளித்தார்கள். அதில் ஒரு பாதி ஜனங்களுக்கு ஜயம். மற்றப் பாதி நகரசபைக்கு ஜயம். உயிர் வாழும் உரிமை என்றால் பிழைப்பை நடத்தும் உரிமையும் அதில் அடங்கும். பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதே என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். அரசியல் சட்டத்தின் 21-ஆம் ஷரத்துக்குக் கூறிய இந்த விரிந்த பொருளைச் சட்டம் பயின்றோர் பலர் கொண்டாடினர். ஆனால் நடைபாதை நடப்பதற்கே உரியது. நோட்டீஸ் கொடுத்து, நியாயமான முறையில், நகரசபை ஆக்கிரமிப்பை அகற்றலாம் என்றும் அதே தீர்ப்புச் சொல்லிற்று. 1976-ல் குடிசைக் கணக்கெடுத்து அடையாளச் சீட்டுப் பெற்றவர்களுக்கு மட்டும் வேறிடம் கொடுக்கவேண்டுமென்றும், மழைக்காலம் கழியும் வரை, அதாவது அக்டோபர் 31 வரை, எவரையும் வெளியேற்றக் கூடாதென்றும் கூறிற்று.

இங்கேதான் நேயர்கள் நிறுத்தி யோசிக்க வேண்டும். அடையாளச் சீட்டு வைத்திருந்தவனுக்கு இடம், இல்லாதவனுக்கு இல்லை. யாரைக் கணக்கில் எழுதினார்களோ அவனுக்கு உரிமை வந்தது. எழுதாதவனுக்குத் தயவு மட்டுமே மிஞ்சிற்று. சுரங்கத்தில் வசிப்பதன் பெரிய கொடுமை இருட்டும் ஈரமும் அல்ல. பூமிக்குக் கீழே போனவன் கண்ணுக்குத் தெரியான். கண்ணுக்குத் தெரியாதவன் கணக்கில் ஏறான். கணக்கில் ஏறாதவனுக்கு ரேஷன் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, ஓட்டு இல்லை. ஓட்டில்லாதவன் வீட்டு வாசலுக்கு எந்த மந்திரியும் வரமாட்டார். அவனுக்குத்தான் வாசலே இல்லையே!

கணக்கு எவ்விதம் எடுக்கிறார்கள்? வீடுள்ளவர்களுக்கு அதிகாரிகள் பல நாட்கள் வீடுவீடாக வருகிறார்கள். வீடற்றவர்களுக்கோ ஒரே ஓர் இரவு. சென்ற கணக்கெடுப்பில் 2011 பிப்ரவரி 28-ந் தேதி இரவு அது. அந்த இரவில் எண்ணியபோது தேசமெங்கும் வீடற்றோர் சுமார் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர் என்று வந்தது. 2001-ல் எண்ணியதைக் காட்டிலும் இது குறைவுதான். ஆனால் உள்ளே நுழைந்து பாருங்கள். கிராமங்களில் வீடற்றோர் குறைந்தார்கள். பட்டணங்களிலோ சுமார் 7 லட்சத்து 78 ஆயிரத்திலிருந்து 9 லட்சத்து 38 ஆயிரமாகப் பெருகினார்கள். கிராமத்தில் துன்பம் நீங்கிற்றா, அல்லது பஸ் ஏறிற்றா என்பதை இந்த எண்களைக் கொண்டே நேயர்கள் நிதானிக்கலாம்.

இது நிற்க. தங்குமிடத்தைப் பற்றிக் கோர்ட்டுகள் பேசாமலில்லை. டெல்லியில் கடுங்குளிர் காலத்தில் ஒரு தங்குமிடத்தை இடித்ததன் பின்னர், 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு, பெரிய நகரங்களில் லட்சம் ஜனங்களுக்கு ஒன்று வீதம், வருஷம் முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்கும் தங்குமிடங்கள் அமைக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. 2013-ல் இந்திய சர்க்கார் வகுத்த நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் விதிகளும் லட்சம் ஜனங்களுக்கு நூறு பேர் தங்கும் ஒரு விடுதி வேண்டுமென்றும், ஆளுக்கு 50 சதுர அடிக்குக் குறையாத இடம் வேண்டுமென்றும் கூறின. ஐம்பது சதுர அடி என்பது பாய் விரிக்கவும் பெட்டி வைக்கவுமான இடம். அந்த அளவே போதாது என்று நாம் சொல்வோம். ஆயினும் அதுவாவது கிடைத்ததா?

நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். 2011-ல் திருப்பூரும் அதைச் சார்ந்த நகரப் பகுதிகளும் சேர்ந்து ஒன்பதரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களைக் கொண்டிருந்தன. விதியின்படி ஒன்பது தங்குமிடங்கள். பனியன் உலகுக்கே தலைநகரம் என்று பெருமை பேசும் நமது நகரத்தில் அவை எங்கெங்கே இருக்கின்றன, எத்தனை பேர் அங்கே உறங்குகிறார்கள் என்பதைத் தேச சேவையில் ஈடுபட்ட வாலிபர்கள் ஓர் இரவு நேரில் சென்று பார்த்து வரவேண்டும். பஸ் நிலையத்திலும், ரயிலடியிலும், கடை வாசல்களிலும், மேம்பாலத்தின் அடியிலும் படுத்திருப்பவர்களையும் அதே இரவில் எண்ணிவர வேண்டும்.

மூலனூரிலிருந்து நாம் இதை எழுதுவதற்குத் தக்க காரணம் உண்டு. இங்கே பருத்தி ஏலம் போகிறது. முருங்கை வெளியூர் போகிறது. மழை பொய்த்தால் மனிதரும் வெளியூர் போகிறார்கள். நம் கிராமத்துப் பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி வண்டி ஏறித் திருப்பூர் போய் இரவில் திரும்புகிறார்கள். அவர்களுக்குத் திரும்பி வர வீடு இருக்கிறது. ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் அதே திருப்பூருக்கு வருகிறவனுக்கு லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் ஒரு பாகம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அவனை அந்நியன் என்று பார்க்கும் கண்கள், 1981-ல் பம்பாயிலிருந்து பஸ் ஏற்றப்பட்ட சேலத்துக்காரனை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே நாம் வடதேசத்தாருக்கு அந்நியர். இங்கே அவர்கள் நமக்கு அந்நியர். மழை பொய்ப்பது மட்டும் எல்லோருக்கும் பொது.

பரிகாரம் என்னவென்று கேட்பீர்கள். மூன்று காரியங்களைச் சொல்லுவோம்.

முதலாவது, வேலை கொடுப்பவன் கூரையும் கொடுக்க வேண்டும். கட்டிட வேலைக்காரருக்கென்று பாராளுமன்றம் 1996-ல் இயற்றிய சட்டத்தின் 34-ஆம் பிரிவு, வேலை நடக்கும் இடத்திலோ அருகிலோ தொழிலாளருக்கு இலவசமாகத் தங்குமிடமும், சமையலுக்கும் குளியலுக்கும் கக்கூஸுக்கும் தனி இடமும் முதலாளியே அமைக்க வேண்டுமென்று விதித்தது. பிற்பாடு 2020-ல் தொழிற் சட்டங்கள் பலவற்றைச் சேர்த்துத் தொகுப்புகளாக்கினார்கள். சட்டத்தின் பெயர் மாறிற்று, குழாய் மாறவில்லை. சர்க்கார் வேலையைக் குத்தகைக்கு விடும்போது, தொழிலாளர் தங்குவதற்கு ஏற்பாடு செய்யாத குத்தகைக்காரருக்குப் பணப் பட்டுவாடா இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். அடுத்த மாதமே கொட்டகைகள் எழும்பும்.

இரண்டாவது, தங்குமிடம் மனிதர் தங்கத் தக்கதாக இருக்கவேண்டும். குடும்பத்தைப் பிரித்து ஆணை ஓரிடத்திலும் பெண்ணை வேறிடத்திலும் போட்டால் எந்தக் குடும்பம் வரும்? வேலை கிடைக்கும் இடத்துக்கு ஐந்து மைல் தள்ளிக் கட்டினால் எந்தக் கூலி வருவான்? நியூயார்க்கில் நடந்ததே இங்கும் நடக்கும். கட்டிடத்தைக் கட்டிவிட்டு, ‘ஏழைகள் வர மறுக்கிறார்கள்’ என்று அறிக்கை எழுதுவது எளிது. ஏன் மறுக்கிறார்கள் என்று அவர்களையே கேட்பதுதான் கடமை.

மூன்றாவது, எண்ணிக்கை. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப்படாமலே போயிற்று. அதை 2027 மார்ச் 1-ந் தேதியைக் குறித்து எடுப்பதாக 2025 ஜூனில் சர்க்கார் அறிவித்தது. வீடற்றோர் விஷயத்தில் பதினாறு வருஷம் நாம் பழைய கணக்கை வைத்தே பேசியிருக்கிறோம். குழாயில் வசிப்பவனும் பாலத்தடியில் வசிப்பவனும் ஏட்டில் ஏறுவதற்கு அந்தக் கணக்கெடுப்பில் கிடைப்பது ஓர் இரவே. அதைத் தவறவிட்டால், மறுபடி ஒரு பத்து வருஷத்துக்கு அவன் இல்லாதவனே. இரவில் எண்ணப் போகும் உத்தியோகஸ்தர்களுக்கு, எந்தப் பாலத்தடியில் எத்தனை குடும்பம், எந்தச் சாலையோரத்தில் எந்தக் குழாயில் யார் என்பது தெரியாது. உள்ளூர்க்காரருக்குத் தெரியும். தேர்தல் வந்தால் ஒரு ஓட்டும் தவறாமல் வீடுவீடாக ஏறி இறங்கும் நம் தொண்டர்கள், வீடில்லாதவர்களுக்காக ஓர் இரவு விழித்திருக்கக் கூடாதா?

ஐப்பசிக்குப் பிறகு அந்தச் சாலை வழியே பலமுறை போய்வந்துவிட்டோம். குழாய்கள் இப்போது மண்ணுக்குள் இருக்கின்றன. மேலே தார் போட்டுவிட்டார்கள். மோட்டார் குலுங்காமல் ஓடுகிறது. அந்தக் குடும்பம் இப்போது எந்த ஊரில், எந்தக் குழாயில் இருக்கிறதென்று எவரும் அறியார். அந்த மனிதன் செய்துகொடுத்த வேலையின் பலனை நாம் ஒவ்வொரு நாளும் அனுபவிக்கிறோம். அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் வந்துவிட்டோமே என்ற வெட்கம் நமக்கு இன்னும் தீரவில்லை. கணக்கெடுக்கும் அந்த இரவில் அவன் பெயரை எழுதுவதற்கு யாரேனும் விளக்கோடு போவார்களா?